கணவர்: உயிருடன் உள்ளார்

நமோலா மேடு
பிப்ரவரி 12

அன்புத் தம்பி லிக்காண்டோவுக்கு,

நம் வழக்கப்படி இங்கிருந்தே கைதட்டி உன்னை நலம் கேட்கிறேன். லுசாக்காவில் மழை அதிகம் என்று ரேடியோவில் சொன்னார்கள். சளி பிடித்தால் உனக்கு நெஞ்சு வரை இறங்கும், பார்த்துக்கொள்.

இந்த வருஷம் தண்ணீர் முன்னாலேயே வந்துவிட்டது. மாடுகளை ஓட்டிக்கொண்டு போன வாரமே மேட்டுக்குக் குடிவந்துவிட்டோம். மவங்கலா நன்றாக இருக்கிறாள். அவள் அப்பாவை ஆறு கொண்டுபோனபோது முதுகில் கட்டியிருந்த குழந்தை, இப்போது என் தோளுக்கு நிற்கிறாள். என் மாமியாருக்குத்தான் இருமல். கண் போனதிலிருந்து குளிர் அதிகமாகத் தெரிகிறது என்கிறார்.

உன்னிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும். எங்கள் உதவித்தொகை இரண்டு தவணையாக வரவில்லை. முன்பெல்லாம் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார். இப்போது எல்லாம் மாவட்ட அலுவலகங்கள் இருக்கிற போமாவில் திறந்திருக்கும் சேவை மையத்துக்குப் போய்விட்டதாம். நீ வேலை பார்க்கிற அதே திட்டம்தான் என்று தெரிந்ததும் எனக்குப் பெருமையாக இருந்தது. ஊரில் எல்லாரிடமும் சொன்னேன்.

தோணியில் போய்க் கேட்டேன். கவுன்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "அம்மா, உங்க பேரை நிறுத்தி வெச்சிருக்காங்க. விதவைன்னு நீங்க எழுதியிருக்கீங்க, ஆனா இங்க அப்படிக் காட்டல" என்றாள். எப்படிக் காட்டுகிறது என்று கேட்டேன். மேலதிகாரியைத்தான் கேட்க வேண்டுமாம்.

என்னைத் தெரியாமல் போகட்டும். உன் மாமா சிதாலியை ஆறு கொண்டுபோனது இந்தச் சமவெளி முழுக்கத் தெரிந்த விஷயம் இல்லையா? ஏதோ தவறு நடந்திருக்கிறது. நீ பார்த்துச் சொல். போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. அது இருந்திருந்தாலும் மேட்டில் சிக்னல் கிடையாது. தபால் தோணிக்காரர் முண்டியா பெயருக்கு எழுது, கையில் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா
நசிலேலே

*

லுசாக்கா
மார்ச் 3

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். அத்தையின் இருமலுக்கு மருந்தும், கொஞ்சம் சர்க்கரையும் சோப்பும் பஸ்ஸில் அனுப்பியிருக்கிறேன்.

கவலைப்படாதே. இது சின்ன விஷயம். உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். முன்பு ஒரு ஏழை எத்தனை கதவு தட்ட வேண்டியிருந்தது? பிறப்புப் பதிவுக்கு ஒரு அலுவலகம், ஊனச் சான்றுக்கு ஆஸ்பத்திரி, உதவித்தொகைக்கு இன்னொரு இடம். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. இப்போது பதிவு அட்டை எண் ஒன்று போதும். எல்லா அலுவலகமும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருக்கும், எல்லா விவரமும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கும். மூன்று வருஷமாக இதற்காகத்தான் அக்கா நான் தூங்காமல் உழைத்தேன். போன மாதம் அமைச்சகத்தில் கைகுலுக்கிப் பாராட்டினார்கள். இல்லாத பெயரில் வாங்கியவர்கள், கணவன் இருந்தும் விதவை என்று வாங்கியவர்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். அந்தப் பணம் உண்மையான ஏழைக்குப் போகும்.

இப்படிப் பெரிய வலை வீசும்போது ஒன்றிரண்டு நல்லவர்களும் மாட்டுவார்கள். மாமாவின் பெயரிலேயே இன்னொருவர் இருப்பார், கலந்துபோயிருக்கும். மாமாவின் பதிவு அட்டை எண் இருந்தால் அனுப்பு. ஒரு மத்தியானத்தில் சரிசெய்துவிடுவேன்.

மவங்கலாவை நன்றாகப் படிக்கச் சொல். அத்தைக்கு என் வணக்கம்.

உன் தம்பி
லிக்காண்டோ

*

நமோலா மேடு
மார்ச் 24

அன்புத் தம்பிக்கு,

நலமாக இருக்கிறாயா? மருந்து வந்தது. அத்தைக்கு இருமல் குறைந்திருக்கிறது. சர்க்கரையை யாரும் தொடக் கூடாது என்று தலைமாட்டில் வைத்துக்கொண்டிருக்கிறார்.

உன் மாமாவின் பதிவு அட்டை எண்ணைத் தனிச் சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அட்டை அவரோடு போய்விட்டது. நல்லவேளை, கல்யாணத்தின்போது தேவாலயத்தில் எழுதி வைத்திருந்தார்கள்.

உன் மையத்துக்கு இன்னொரு தடவை போனேன். அத்தையையும் கூட்டிப்போனேன். நன்றாகத்தான் கட்டியிருக்கிறீர்கள். உட்கார நாற்காலி, குடிக்கத் தண்ணீர், டோக்கன் கொடுக்க ஒரு பெட்டி. அத்தை அந்த நாற்காலியைத் தடவித் தடவிப் பார்த்தார். "இது நம்ம லிக்காண்டோ போட்ட நாற்காலியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஆனால் அவர் கைரேகையை அந்த இயந்திரம் எடுக்கவில்லை. ஆயுசு முழுக்க மரவள்ளி இடித்த கை, ரேகை எங்கே இருக்கும்? அவருக்குப் பதிலாக நான் கையெழுத்துப் போடலாம் என்று எழுதிக்கொண்டார்கள்.

உன் மாமாவின் மரணச் சான்றிதழ் கொண்டுவரச் சொன்னார்கள். உடல் கிடைக்கவில்லையே என்றேன். ஊர்த்தலைவரும் சாட்சிகளும் வந்து சொன்னால் அங்கேயே போலீஸ் கவுன்டரில் எழுதித் தருவார்களாம். உனக்கு ஞாபகம் இருக்கும், தோணி கோரைப்புல்லில் கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வலை அப்படியே இருந்தது. அவர் மட்டும் இல்லை. ஒரு பருவம் முழுக்க ஊரே தேடியது. இதையெல்லாம் மறுபடி வாயால் சொல்வது கஷ்டம்தான். ஆனால் சொல்லிவிடுவேன்.

எண்ணைப் பார்த்துவிட்டு எழுது. நீ எழுதியபடி ஒரு மத்தியான வேலை என்றால் இத்தனை அலைச்சல் வேண்டாம்.

உன் அக்கா
நசிலேலே

*

லுசாக்கா
மே 9

அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலையாகத் தாமிரச் சுரங்கப் பக்கம் போயிருந்தேன். போன இடத்தில் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, வந்ததும் காய்ச்சல். இப்போது பரவாயில்லை.

உன் விஷயம் நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் சிக்கல். மரணச் சான்றிதழுக்கு இப்போது போக வேண்டாம். அப்படியே இருக்கட்டும். அதுவரை என் சம்பளத்திலிருந்து மாதாமாதம் அனுப்பிவிடுகிறேன். உனக்கு ஒன்றும் குறை வராது.

தண்ணீர் வடிய ஆரம்பித்துவிட்டதா? மாடுகளுக்குப் புல் இருக்கிறதா? அத்தையை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்.

லிக்காண்டோ

*

நமோலா மேடு
மே 28

அன்புத் தம்பிக்கு,

உனக்குக் காய்ச்சல் என்று படித்ததும் அத்தை உனக்காகப் பிரார்த்தனை செய்தார். இப்போது உடம்பு எப்படி இருக்கிறது? தண்ணீர் இன்னும் வடியவில்லை. மாடுகள் மெலிந்துவிட்டன.

நீ அனுப்பிய பணத்தை மவங்கலாவின் சீருடைக்கு வைத்துக்கொண்டேன். இனி அனுப்பாதே. எனக்கு வேண்டியது உன் பணம் இல்லை. என் பெயர் அந்தப் பட்டியலில் மறுபடி வர வேண்டும். உன் சம்பளத்தில் நான் சாப்பிட்டால் ஊர் என்ன பேசும் தெரியுமா? இப்போதே பேசுகிறார்கள். கிணற்றடியில் ஒருத்தி, "தம்பி கட்டின வீட்டுல அக்காவுக்குப் பாய் கிடையாதாம்" என்று சொல்லிச் சிரித்தாள். போமாவிலிருந்து வந்த எவனோ "பொய் விதவை" என்று ஒரு சொல்லைக் கொண்டுவந்து விட்டிருக்கிறான். ஊரில் இப்போது அதுதான் பேச்சு. பட்டியலில் பெயர் போன எல்லாரையும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

அதனால் நீ வேண்டாம் என்று எழுதியும் போனேன். ஊர்த்தலைவரையும் இரண்டு பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போனேன். போலீஸ்காரர் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். தோணி, வலை, கோரைப்புல் எல்லாம் சொன்னேன். சொல்லி முடித்ததும் மனசு லேசாகிவிட்டது. மேலே அனுப்பிச் சரிபார்த்துவிட்டுக் கூப்பிடுவார்களாம், அப்போது வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

நான் அனுப்பிய எண்ணைப் பற்றி நீ ஒரு வார்த்தை எழுதவில்லையே? அதே பெயரில் இன்னொருவர் இருக்கிறாரா இல்லையா?

உன் அக்கா
நசிலேலே

*

லுசாக்கா
ஜூன் 17

அக்காவுக்கு,

நலம். அங்கே நலம் என்று நம்புகிறேன்.

எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே. தவறான வாக்குமூலம் கொடுத்தால் தண்டனை உண்டு, அது யாராக இருந்தாலும். ஊர்த்தலைவரிடமும் சொல்லிவிடு. காரணம் இப்போது கேட்காதே. எனக்காக இதை மட்டும் செய்.

இந்த வருஷம் மீன் எப்படி?

லிக்காண்டோ

*

நமோலா
ஜூலை 8

தம்பி லிக்காண்டோவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் வந்த அன்றைக்கே போமாவிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார்கள். போகாமல் இருந்தால் பொய் சொன்னேன் என்றுதானே நினைப்பார்கள்? போனேன்.

முதலில் பேசின அதே பெண்தான். கூட வந்த ஊர்த்தலைவரை வெளியே உட்காரச் சொன்னாள். என் முகத்தைப் பார்க்காமல் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாள். "அம்மா, நீங்களே படிங்க. நான் சொல்ல வேண்டாம்" என்றாள்.

சிதாலி. அதே எண். அதே பிறந்த வருஷம். அப்பா பெயர், ஊர் எல்லாம் அதேதான். கணவர்: உயிருடன் உள்ளார். கிட்வே நகரம். சுரங்கத்தில் காண்டிராக்டரிடம் வேலை, ஓய்வூதியப் பிடித்தம் மாதாமாதம். அதற்குக் கீழே பிறப்புப் பதிவில் மூன்று குழந்தைகள், கடைசிக் குழந்தை போன வருஷம். ஆஸ்பத்திரியில் காலில் அடிபட்டதற்கு வைத்தியம் பார்த்தது. அரசாங்கச் சலுகைக் கூப்பன் வாங்கியது. ஒரே கூடத்தில் எல்லாம் கிடைக்கும் என்று எழுதியிருந்தாயே, எனக்கு எல்லாமே கிடைத்துவிட்டது. ஒரு கவுன்டரில் உட்கார்ந்து என் புருஷனின் இன்னொரு வாழ்க்கை முழுவதையும் படித்தேன்.

"நான் ஒண்ணும் தெரிஞ்சு பண்ணலம்மா" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "தெரியும்மா" என்றாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

நீ கையெழுத்துப் போடாதே என்றது எவ்வளவு நல்லதாகப் போயிற்று. என்னவென்று தெரியாமலே ஏதோ கோளாறு என்று உனக்குப் பட்டிருக்கிறது. உனக்கு முழுசாகத் தெரிந்திருந்தால் என்னை இத்தனை தடவை தோணி ஏறவிட்டிருக்க மாட்டாய். இப்போது சொல்கிறேன், அவன் கிட்வேயில் இருக்கிறான். வலையைத் தண்ணீரில் விட்டு, தோணியைக் கவிழ்த்துப்போட்டுவிட்டு, கரை ஏறிப் போயிருக்கிறான். ஊரே தேடியது. அத்தை தண்ணீரைப் பார்த்து அழுது அழுதே கண் கெட்டது என்று நாங்கள் எல்லாரும் சொல்வோம்.

அத்தையிடம் சொல்லாமல் மறைக்கலாம் என்றுதான் வந்தேன். ஆனால் தோணியில் என்னிடம் விவரம் கேட்டுக்கொண்ட ஊர்த்தலைவர் எனக்கு முன்னால் இறங்கிப் போய்ச் சொல்லிவிட்டார். நான் வீட்டுக்கு வரும்போது அத்தை வாசலில் நின்றுகொண்டு கைதட்டிக்கொண்டிருந்தார். கல்யாண வீட்டில் தட்டுகிற மாதிரி.

"எம் புள்ள உசுரோட இருக்கானாமே?"

"ஆமா அத்தை."

"நீ ஏன் அழுவுற? பைத்தியமா நீ? உம் புருஷன் உசுரோட இருக்கான்."

அவர் பெற்றவர். இன்னொரு பெண்டாட்டி, மூன்று பிள்ளைகள் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டார். "மூணுல பையன் எத்தன?" என்றார்.

அன்றிலிருந்து ஒரே பேச்சு. கிட்வேக்குப் போக வேண்டும். அவன் வராததற்கு ஏதாவது காரணம் இருக்கும், யாராவது பிடித்து வைத்திருப்பார்கள், அம்மாவின் குரலைக் கேட்டால் வந்துவிடுவான். பள்ளிக்கூடத்தில் மவங்கலாவின் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை என்று தெரியவந்தது. என் பெயருக்குப் பின்னால் அந்தப் "பொய் விதவை" என்ற சொல் நிலைத்துவிட்டது.

நான் அத்தையைக் கூட்டிக்கொண்டு போகிறேன். மீன் விற்று பஸ்ஸுக்குச் சேர்த்துவிடுவேன்.

நசிலேலே

*

லுசாக்கா
ஜூலை 15

அக்கா,

உன் கடிதம் வந்த உடனே எழுதுகிறேன். கிட்வேக்குப் போகாதே. அத்தைக்கு அந்தப் பயணம் தாங்காது. ஆகஸ்ட் கடைசியில் எனக்கு லீவு கிடைக்கும், நானே நமோலாவுக்கு வருகிறேன். நேரில் பேசுவோம். ஜீவனாம்சத்துக்கு வழி இருக்கிறது. உதவித்தொகைக்கும் வேறு பிரிவு இருக்கிறது. எல்லாவற்றையும் முறையாகச் செய்துவிடலாம். அதுவரை இரண்டு பேரும் வீட்டில் இருங்கள்.

அந்த வீட்டில் உனக்கு என்ன இருக்கிறது, சொல்? பார்த்து என்ன ஆகப்போகிறது?

உடம்பைப் பார்த்துக்கொள். கெஞ்சிக் கேட்கிறேன். போகாதே.

லிக்காண்டோ

*

நமோலா
செப்டம்பர் 11

லிக்காண்டோவுக்கு,

ஆகஸ்ட் முழுக்கக் காத்திருந்தோம். ஒவ்வொரு தோணிக்கும் மவங்கலா கரைக்குப் போய் நின்றாள். நீ வரவில்லை. மாதம் முடிந்ததும் நாங்கள் கிளம்பிவிட்டோம்.

அத்தை தேவாலயத்துக்கு உடுத்தும் நல்ல துணியைக் கட்டிக்கொண்டார். மகனுக்கென்று நல்ல கருவாடாகப் பொறுக்கி மூட்டை கட்டினார். பஸ்ஸில் ஏறியதிலிருந்து வந்தவர் போனவர் எல்லாரிடமும், "எம் புள்ளயப் பாக்கப் போறேன். செத்துட்டான்னாங்க, சாகல" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு டிரைவர் அவரிடம் டிக்கெட் காசு வாங்கவில்லை. லுசாக்காவில் பஸ் மாறினோம். உன் வீட்டுக்கு வரவில்லை. வந்திருந்தால் தடுத்திருப்பாய் என்று நினைத்தேன். அப்போது அவ்வளவுதான் நினைத்தேன்.

கம்ப்யூட்டரில் படித்த விலாசம் மறக்கவில்லை, வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. தகரக் கூரை, நீல கேட், ஒரு பப்பாளி மரம். கதவைத் திறந்தவளின் முதுகில் குழந்தை. தூரத்திலிருந்து வருகிறோம், சிதாலியின் ஊர் என்று மட்டும் சொன்னேன். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். நல்லவளாகத்தான் இருந்தாள், தம்பி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வையலாம் என்று நினைத்துக்கொண்டு போன வார்த்தை ஒன்றையும் வெளியே எடுக்க முடியவில்லை.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள். "உங்க ஜாடையில ஒருத்தர் ஏப்ரல்ல வந்திருந்தாரே, லுசாக்கா ஆபீஸ்ல வேலைன்னு. உங்களுக்குச் சொந்தமா? அவர் வந்தன்னிக்கிக் கோழி அடிச்சுக் குழம்பு வெச்சேன். நல்ல பசி போல, ரெண்டாந்தரமும் வாங்கிச் சாப்பிட்டாரு."

என் தம்பி என்றேன்.

"அவங்க ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசிட்டிருந்தாங்க. இவரு அழுதாரு. ஏதோ பழைய சிநேகம்னு சொன்னாரு" என்றாள்.

அத்தைக்கும் காது கேட்கும்.

சாயங்காலம் அவன் வேலை முடிந்து வந்தான். கேட்டைத் திறந்தவன் அப்படியே நின்றான். கொஞ்சம் பருத்திருக்கிறான். இடது கால் இழுக்கிறது. என்னைப் பார்த்தான், பிறகு அத்தையைப் பார்த்தான். சத்தம் வந்த பக்கம் திரும்பி அத்தை இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தார். அவன் எங்களுக்கும் கொஞ்சம் புரிகிற அந்த ஊர்ப் பாஷையில் பெண்டாட்டியைக் கேட்டான். "யாரு இவங்க? வீடு மாறி வந்துட்டாங்களா? எனக்குத் தெரியாதே."

குரலை மாற்றித்தான் பேசினான். ஆனால் பெற்றவளுக்கு அது போதுமா?

அத்தை நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு மெதுவாக மடியில் வைத்துக்கொண்டார். அவன் இருந்த பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு நம் பாஷையில் நிதானமாகச் சொன்னார்.

"ஆமாப்பா. வீடு மாறித்தான் வந்துட்டோம். எம் புள்ளய ஆறு கொண்டுபோயி ரொம்ப வருஷமாச்சு. வேலை செஞ்சு களைச்சு வந்திருப்ப, உள்ள போ."

என் பக்கம் கையை நீட்டினார். "எந்திரிம்மா. அந்தக் கருவாட்ட எடுத்துக்க, வழியில பசிக்கும்."

அவன் பெண்டாட்டி எங்களையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு அப்போது புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். தெருமுனை வரை எங்கள் பின்னால் வந்தாள். குழந்தை அழுததும் திரும்பிவிட்டாள்.

திரும்பும் வழியில் அத்தை அழவில்லை. பஸ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் ஒரே ஒரு தடவை கேட்டார். "பல்லு இன்னும் வரிசையா இருக்கா அவனுக்கு?"

"இருக்கு அத்தை."

அதற்குப் பிறகு அவன் பேச்சை எடுக்கவில்லை.

இதற்கு நீ பதில் எழுத வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

நசிலேலே

*

லுசாக்கா
அக்டோபர் 6

அக்காவுக்கு,

எழுத உட்கார்ந்து பல நாள் கிழித்துப்போட்டேன்.

நான் போனது உண்மை. அவன் வேறு ஆளாக இருப்பான் என்றுதான் போனேன். அவன்தான் என்று தெரிந்ததும் அடித்துவிடுவேன் என்று நினைத்தேன். அவன் காலில் விழுந்தான். ஒன்றும் தெரியாத அந்தப் பெண் சாப்பாடு போட்டாள். தட்டைத் தள்ளிவிட்டு வர எனக்குத் துணிச்சல் இல்லை. சாப்பிட்டேன்.

உனக்கு ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். பதினோரு வருஷம் நீ மரியாதையோடு விதவையாக இருந்தாய். ஒரு கடிதத்தில் அதைப் பிடுங்கி, கைவிடப்பட்டவள் என்று ஆக்க எனக்கு மனம் வரவில்லை. சத்தமில்லாமல் உன் பெயரை வேறு பிரிவுக்கு மாற்றிவிடலாம் என்று மேலதிகாரியைக் கேட்டேன். சொந்தக்காரர் கோப்பைத் தொட்டால் வேலை போகும் என்றார். வீட்டுக் கடன் இருக்கிறது, இந்த வருஷம் பதவி உயர்வு வர வேண்டும். நீயாகவே அலைந்து சலித்து விட்டுவிடுவாய் என்று நினைத்தேன். ஆகஸ்டில் பஸ் ஸ்டாண்டு வரை வந்து திரும்பிவிட்டேன்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். "கணவரால் கைவிடப்பட்டவர்" என்று ஒரு பிரிவு இருக்கிறது. போமா மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். அவன் உயிருடன் இருக்கிறான், விட்டுப் போய்விட்டான் என்று நீயும் அத்தையும் தனித்தனியே வாக்குமூலம் கொடுக்க வேண்டும். வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லாருடைய வாக்குமூலமும் ஒத்துப்போனால்தான் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளும். கொடுத்தால் உடனே வந்துவிடும். அத்தைக்குக் கண் தெரியாததால் கூடுதலாகவும் வரும்.

அத்தையின் இருமல் எப்படி இருக்கிறது?

லிக்காண்டோ

*

நமோலா
நவம்பர் 25

லிக்காண்டோவுக்கு,

நீ சொன்ன பிரிவில் பணம் வந்துவிட்டது. அதைத் தெரிவிக்கத்தான் இந்தக் கடிதம்.

முதலில் அத்தையைக் கூட்டிக்கொண்டுதான் போனேன். தண்ணீர் வடிந்துவிட்டதால் மாட்டு வண்டியில் போனோம். வழியெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். அவன் இருக்கிறான், எங்களை விட்டுவிட்டான் என்று மட்டும் சொன்னால் போதும் அத்தை, வேறு ஒன்றும் வேண்டாம் என்றேன். ம் என்றார். அந்தப் பெண் கேட்டபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"எனக்கு ஒரே புள்ள. ஆத்துல போயிட்டான். இவ எம் மருமவ இல்ல, எம் மவ. எழுதிக்கம்மா."

"பாட்டி, இங்க உயிரோட இருக்கார்னு காட்டுதே" என்றாள் அந்தப் பெண்.

"அத நீ வெச்சுக்க. அதப் பெத்தது நான் இல்ல" என்றார்.

வாக்குமூலம் ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அந்த மாதம் மரவள்ளி தீர்ந்துவிட்டது. ஒரு மாட்டை விற்றேன். மவங்கலா பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள் என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். அத்தையிடம் மறுபடி கேட்டேன். வேறு எதைக் கேட்டாலும் தருகிறேன், இதை மட்டும் என் வாயால் சொல்லச் சொல்லாதே என்றார்.

மறுநாள் மீன் விற்கப் போகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டுத் தனியாகப் போனேன். அவருக்குக் கைரேகை இல்லை, அவருக்குப் பதிலாக நான் கையெழுத்திடலாம் என்று மார்ச்சில் நீங்களே எழுதி வைத்திருக்கிறீர்களே. என் பெயரில் ஒன்று போட்டேன். அத்தையின் பெயரில் ஒன்று போட்டேன். "என் மகன் உயிருடன் இருக்கிறான்" என்று அதில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே என் கையெழுத்து. அந்தப் பெண்ணுக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டு முத்திரை வைத்தாள். அவனைச் செத்தவனாக்க நான் தோணி தோணியாக ஏறினேன். உயிரோடு ஆக்குவதற்கு அவள் கொடுத்த டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை.

நீ எனக்குச் செய்ததையே நான் அத்தைக்குச் செய்திருக்கிறேன். அவர் நன்மைக்கு என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, அவர் முகத்துக்கு நேரே ஒன்றும் தெரியாத மாதிரி நடமாடுகிறேன். உனக்கு அது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. அதனால் உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. எழுத வேண்டாம். வர வேண்டாம். மவங்கலாவின் கல்யாணத்துக்கு முறைப்படி சொல்லி அனுப்புவேன், அப்போது வா.

முதல் பணத்தில் மாவும் எண்ணெயும் வாங்கினேன். நேற்று கெட்டியாகக் களி கிண்டி, ஆட்டுக்கறி வைத்து அத்தையின் கையில் தட்டைக் கொடுத்தேன். முதல் கவளத்தை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மெல்லாமல் இருந்தார். எங்கேயிருந்து வந்தது என்று கேட்டார். மீன் விற்ற காசு என்றேன்.

தட்டை வழித்துக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"ஆறு இந்த வருஷம் நல்லாக் குடுத்திருக்கு போல."

ஆமாம் அத்தை என்றேன்.

நசிலேலே